மஞ்சள் பெட்டி

கோவை கணபதியில் எங்கள் பம்ப் பட்டறை. அப்பாவுக்குப் பிறகு நான் எடுத்து நடத்த ஆரம்பித்தபோது, வருகிற டீலர்கள் வாசலில் நின்றே கேட்பார்கள்: "சார் இல்லீங்களா?" நான்தான் பார்க்கிறேன் என்றால், "பரவால்லீங்க, அப்புறம் வர்றேன்" என்று வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

ஆளைப் பார்ப்பதற்குள் சரக்கைப் பார்த்துவிட்டால் என்ன என்று ஒரு டிசைனரிடம் போனேன். பெண் நடத்தும் கம்பெனி என்றதும் ரோஸ் நிறத்தில் தாமரை வரைந்து கொடுத்தார். அரை ஹெச்.பி. பம்புக்குத் தாமரை! நானும் தலையாட்டி 500 பெட்டி அடித்துவிட்டேன். "சோப்புங்களா?" என்றார் ஒரு கடைக்காரர். அத்தனையும் பழைய பேப்பர் கடைக்குப் போனது.

அடுத்த முறை பம்ப் மாட்டும் மெக்கானிக்குகளிடம் கேட்டேன். எதை வாங்குவது என்று வீட்டுக்காரருக்குச் சொல்வது பெரும்பாலும் அவர்கள்தானே. ஹெட் இத்தனை மீட்டர் என்று போட்டால் வீட்டுக்காரர் படிப்பதில்லையாம், "எத்தனை மாடிக்குத் தண்ணி ஏறும்?" என்பதுதான் கேள்வி. பெட்டியின் ஒரு பக்கம் முழுக்க இரண்டு மாடி வீடு, மொட்டைமாடியில் டேங்க், அதுவரை ஒரு நீலக்கோடு. அவ்வளவுதான் டிசைன்.

நிறம் மஞ்சள். கடை அலமாரியில் நீலமும் சிவப்பும் நெருக்கியடித்துக் கிடந்தன. பெயிண்ட்காரருக்கு ரால் 1023 என்று நிற எண் கொடுத்தேன். அச்சகத்தில் வாயால் "மஞ்சள்" என்றேன். பம்ப் ஒரு மஞ்சள், பெட்டி எலுமிச்சம்பழ மஞ்சள். அதிலிருந்து பெயிண்ட் அடித்த தகட்டையே அச்சகத்துக்குக் கொண்டுபோகிறேன்.

பம்பின் மேல் ஸ்டிக்கர் வேண்டாம், ஈரத்தில் உரிந்துவிடும். அலுமினிய நேம் பிளேட்டை ரிவிட் அடித்தோம். மோட்டார் எரிந்து காயில் கட்ட வருகிற நாளிலும் பெயர் அதில் இருக்கும்.

பெயரை அச்சடிக்கும் முன் டிரேட்மார்க் தேடிப் பாருங்கள். பம்புக்கு 7-ஆம் வகுப்பு. சிறு தொழிலுக்கு ஆன்லைன் கட்டணம் 4,500 ரூபாய். பதிவாகும்வரை வட்டத்துக்குள் ஆர் போடக்கூடாது, குற்றம்.

பம்ப் ஒழுகினால் இதெல்லாம் வீண், அது வேறு கதை.

போன மாதம் தாராபுரத்திலிருந்து ஒரு போன். "அந்த மஞ்சப் பெட்டி இருபது வேணும். ஓனர்கிட்ட குடுங்க."

"நான்தானுங்க."

கொஞ்சம் இடைவெளி. "சரிங்க, லோடு எப்ப வரும்?"