ஆழியாறு கற்பிக்கும் பாடம்

மேலைக் காட்டுக்காரர் மடையை அடைத்தால்தான் கீழைக் காட்டுக்கு நீர் பாயும். நம் வாய்க்கால்களில் நாள்தோறும் காணும் இவ்வுண்மை, இரண்டு மாநிலங்களுக்கும் பொருந்துவதாகும். ஆனைமலைத் தொடரில் பிறக்கும் ஆழியாறு பொள்ளாச்சிச் சமவெளியில் பாலாற்றைச் சேர்த்துக்கொண்டு, மணக்கடவைக் கடந்து, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வயல்களை அடைகிறது. அங்கே நாம் மேலைக் காட்டுக்காரர். மலைமேலோ நிலைமை வேறு. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளும் கேரள மண்ணில் உள்ளன; அவற்றை இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாடு. அந்நீரே சர்க்கார்பதி மின் நிலையம் வழியாகக் காண்டூர் கால்வாயில் ஓடித் திருமூர்த்தி அணைக்கு வருகிறது. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 3,77,000 ஏக்கர் நிலம் நான்கு மண்டலங்களாக முறை வைத்துப் பயன் பெறுகிறது.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. நிலத்திற்கு எல்லை வகுத்தாயிற்று. நீருக்கு ஏற்பாடு தேவைப்பட்டது. இரு அரசுகளும் பேசி முடித்த உடன்படிக்கை 1970 மே 29ஆம் நாள் கையெழுத்தாயிற்று. 1958 நவம்பர் 9 முதலே அது செல்லும் எனவும் கொள்ளப்பட்டது.

இவ்வுடன்படிக்கையில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, அளவு. ஆண்டுதோறும் மணக்கடவில் 725 கோடி கன அடி, அதாவது 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப் பகுதிக்கு விடப்பட வேண்டும்.

இரண்டாவது, காலம். கேரளச் சோலையாறு அணை செப்டம்பர் முதல் நாளிலும் பிப்ரவரி முதல் நாளிலும் நிறைந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மேற்பார்வை. இரு மாநிலப் பொறியாளர்களும் அமர்ந்த கூட்டு வாரியம் கணக்கைப் பார்க்கிறது. ‘கொடுத்தோம்’, ‘வரவில்லை’ என்ற வாய்ச் சண்டைக்கு இடமின்றி, அளவுகோல் சாட்சி சொல்கிறது.

மழை பொய்த்த ஆண்டில், நம் தென்னை வாடும்போது மணக்கடவில் நீர் விடுவது வருத்தம் தருவதே. எனினும், நம் கால்வாயின் தலைமடை அண்டை மாநிலத்தில் இருப்பதை மறத்தலாகாது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று உடைந்தபோது, நமக்குரிய நீர் பெருமளவு வீணாயிற்று. சாலக்குடி ஆற்றங்கரையில் வாழும் கேரள மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஒரே மதகு இரு தரப்பினரையும் வருத்தியது. உடன்படிக்கையை முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய அதிலேயே வழி உண்டு. திருத்தம் கோருவது முறை. அளவை மீறுவது முறையன்று.

இப்பாடம் நம் ஊரிலிருந்தே தொடங்க வேண்டும். தலைமடையில் குழாய் வைத்து நீரை உறிஞ்சினால், கடைமடையான வெள்ளக்கோவில் பகுதி காய்கிறது. நம் கடைமடைக்கு நீதி செய்யாத நாம், சித்தூருக்கு அளந்தது மிகை என்று எப்படி வாதாடுவோம்? ஆகவே, ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் செய்யத்தக்கவை சில உள.

1. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் கூட்டங்களுக்குத் தவறாது சென்று, முறை நாளையும் நீரளவையும் ஊர்ப் பலகையில் எழுதச் செய்வோம்.

2. ஊர்ச் சாக்கடையும் தென்னை நார்க் கழிவு நீரும் ஆழியாற்றில் கலவாமல் தடுப்போம். நமக்குக் கீழேயும் அந்நீரை நம்பி வாழ்வோர் உளர்.

3. குளங்களைத் தூர் வாரி, வரப்புகளை உயர்த்தி, சொட்டு நீர்ப் பாசனத்தை மேற்கொள்வோம். நம் தேவை குறையும் அளவுக்குத் தகராறும் குறையும்.

ஒரே மலையின் நீரை உண்ணும் இரு மாநில உழவரும் பங்காளிகளே. பங்காளிகளிடையே பாகம் சரியாக இருந்தால் உறவும் நிலைக்கும். மணக்கடவில் காக்கும் நேர்மையை நம் மடைகளிலும் காப்போமாக!