கொல்லைப்புறத்தில் ஓர் அமர்விடம்

இல்லத்தின் முன்பக்கத்தை 'இல்முன்' என்று சொல்வதே சொல்முறை. ஆனால் நம் முன்னோர் அதனை மாற்றி 'முன்றில்' என்று வழங்கினர். இலக்கண வகுப்பில் 'இலக்கணப்போலி' என்றதும் ஆசிரியர் முதலில் காட்டும் சான்று இச்சொல்லே. முன்றில், முற்றம், திண்ணை, வாசல் என வீட்டின் முன்பக்கத்தைச் சார்ந்த பெயர்கள் பல. அவற்றைக் கேட்டவுடன் அமர்ந்து பேசும் மனிதர்கள் நினைவுக்கு வருவர். பின்பக்கத்தைச் சார்ந்த பெயர்களை எண்ணிப் பாருங்கள். கிணற்றடி, துவைகல், அம்மி, உரல், மாட்டுக்கொட்டில், எருக்குழி. இவை யாவும் வேலையின் பெயர்கள். அமர்வது முன்புறம், உழைப்பது பின்புறம் என்பது இதனால் பெறப்படும். முன்புறம் அமர்ந்தவர் யார், பின்புறம் உழைத்தவர் யார் என்று கேட்டால், இக்கட்டுரையின் பொருள் விளங்கிவிடும்.

திண்ணையின் பெருமையும் குறையும்

திண்ணையின் பெருமையைப் பலரும் எழுதியுள்ளனர். வழிப்போக்கர் உறங்கியது அங்கே. பஞ்சாயத்துப் பேசியது அங்கே. பிள்ளைகள் மணலில் எழுத்துப் பயின்ற பள்ளிக்கூடத்துக்குப் பெயரே திண்ணைப் பள்ளிக்கூடம். சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் நாட்டுப்புறப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். டாக்டர் உ. வே. சாமிநாதையரும் இளமையில் திண்ணைப் பள்ளியில் பயின்றவரே.

இவ்வளவு பெருமையுடைய திண்ணைக்குக் குறைகளும் உண்டு. எல்லாச் சாதியாரையும் ஏறி அமரவிட்ட திண்ணைகள் மிகக் குறைவு. தெருவில் நின்றே பேசிவிட்டுப் போனவர்களின் வரலாற்றையும் சேர்த்துத்தான் திண்ணையின் வரலாற்றை எழுதவேண்டும். அடுத்து, பகற்பொழுதில் திண்ணை ஆடவர்க்கே உரியதாயிருந்தது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பெண்கள் அமர உள்முற்றமும் அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும் இருந்தன. இரண்டு அறையும் ஒரு கொல்லையும் கொண்ட சிறிய வீட்டில் அவ்வசதி ஏது?

எங்கள் ஊர் திருச்சிராப்பள்ளியை அடுத்தது. எங்கள் வீட்டுத் திண்ணை இன்று இல்லை. பழைய சாலையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது, திண்ணை தாழ்ந்தது. மழைநீர் திண்ணையில் ஏறியதும் என் தந்தையார் அதனை அடைத்து அறையாக்கினார். வீட்டில் மூவருக்கு அமர இடம் போயிற்று என்று நான் எண்ணினேன். அன்னையாரிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்னார்: "உங்க அப்பாவுக்கும் உனக்கும் இடம் போச்சு. எனக்கும் அப்பாயிக்கும் எப்போ இருந்துச்சு, இப்போ போறதுக்கு?"

அப்பொழுது நான் புவியியல் முதலாண்டு மாணவன். கொல்லையில் ஓர் அமர்விடம் அமைப்பது பற்றிய என் ஆய்வு இக்கேள்வியிலிருந்து பிறந்தது.

ஞாயிறும் காற்றும்

அமர்விடத்துக்கு முதல் தேவை இருக்கையன்று, நிழல். நிழல் எங்கே, எப்பொழுது விழும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. ஆகவே கொல்லை கிழக்கே உள்ளது. பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் 23-ஆம் நாளன்று, 3 அடி உயரமுள்ள கோல் ஒன்றைக் கொல்லையில் நட்டு நிழலை அளந்தேன். நண்பகலில் நிழல் வடக்கு நோக்கி 7 அங்குலமே இருந்தது. பிற்பகல் 3 மணிக்குக் கோலின் நீளத்துக்குச் சற்றுக் குறைய இருந்தது. 4 மணிக்கு ஏறத்தாழ 5 அடி ஆயிற்று. கோலுக்கு உள்ள கணக்கே சுவருக்கும் பொருந்தும். எங்கள் பின்சுவரின் உயரம் 10 அடி. எனவே 3 மணிக்குச் சுவரையொட்டி ஒன்பதடிக்குக் குறையாத நிழலும், 4 மணிக்குப் பதினாறடி நிழலும் கிழக்கே கிடைக்கும்.

கொல்லை மேற்கே அமைந்த வீட்டில் இது தலைகீழாகும். அங்கே காலை நிழல் உண்டு. மாலையில் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். பகலெல்லாம் சூடேறிய சுவரும் அனலை வீசும். அத்தகைய வீட்டார் மேற்கெல்லையில் மரம் வைத்த பின்னரே அமர்விடம் பற்றி எண்ணவேண்டும்.

நண்பகலுக்குச் சுவர் உதவாது. எங்கள் ஊர் ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு நான்காம் வாரத்திலும் நண்பகல் ஞாயிறு நேர் உச்சிக்கு வரும். அப்பொழுது எந்தச் சுவரும் நிழல் தராது. மேலே பந்தல் இருந்தாலன்றி இருக்க இயலாது.

காற்றையும் கருதவேண்டும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து புழுதியை அள்ளி வருவது. கிழக்குக் கொல்லைக்கு வீடே காப்பாக நிற்கிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சாரலுடன் அப்பக்கமே வரும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அந்த மூன்று மாதங்களில் பெய்வதாகும். ஆகவே வடகிழக்கு மூலையில் கட்டித் தொங்கவிடும் கீற்றுத் தட்டி ஒன்று வேண்டும். மழைக்காலம் தீர்ந்ததும் அவிழ்த்துவிடலாம்.

தரையும் தண்ணீரும்

எங்கள் கொல்லை 24 அடி அகலமும் 30 அடி நீளமும் கொண்டது. பரப்பு 720 சதுர அடி. முழுவதும் சிமெண்டு பூசிவிட வேண்டும் என்பது தந்தையாரின் கருத்து. சேறு இராது, பெருக்குவது எளிது, பாம்பு பூச்சி தங்காது என்று அவர் கூறிய காரணங்கள் பொய்யல்ல. எனவே மறுக்குமுன் கணக்கிட்டேன். ஓர் அங்குல மழை பெய்தால் 720 சதுர அடியில் விழும் நீர் 60 கன அடி, அதாவது ஏறத்தாழ 1,700 லிட்டர். சிமெண்டுத் தரையானால் அவ்வளவும் தெருச் சாக்கடைக்கு ஓடும். மண்ணாக இருந்தால் பெரும்பகுதி எங்கள் கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தில் இறங்கும். 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் கட்டடங்கள் அனைத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரைநீரைக் குழாய் வைத்து மண்ணில் இறக்கிவிட்டு, அந்த மண்ணையே சிமெண்டால் மூடுவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும்.

கணக்கைப் பார்த்த தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு இடந்தான் உனக்கு வேணும்?" என்றார். சுவரையொட்டி 12 அடிக்கு 8 அடி கேட்டேன். பரப்பு 96 சதுர அடி. மொத்தக் கொல்லையில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு.

எதனால் தரை போடுவது? கடப்பாக்கல் பார்க்க அழகியது, ஆனால் கருநிறம் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், வெறுங்காலுக்கு ஆகாது. சிமெண்டு வெடிக்கும், வெடித்தால் ஒட்டுப்போட்ட வடு தெரியும். செங்கல் இவற்றினும் ஏற்றது. நீரை உறிஞ்சி மெல்ல ஆவியாக்குவதால் குளிர்ச்சி தரும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் செலவாகும் என்பது இயற்பியல். மாலையில் செங்கல் தரையில் ஒரு வாளித் தண்ணீர் தெளித்தால் சூடு தணிவது இதனால்தான். 9 அங்குல நீளமும் 4½ அங்குல அகலமும் உள்ள செங்கல்லைப் படுக்கையாக அடுக்கினால் 96 சதுர அடிக்கு 341 கல் வேண்டும். உடைசல் சேர்த்து 360 வாங்கினோம்.

தை மாதத்தில் வேலை தொடங்கினோம். சுற்றிலும் செங்கல் வரம்பு கட்டி, உள்ளே கிராவல் இட்டுத் திமிசுக்கட்டையால் கெட்டித்து, மேலே 2 அங்குல மணல் பரப்பி, அதன்மேல் கல் அடுக்கினார் கொத்தனார். இடுக்குகளில் சாந்து பூசாமல் மணலையே தூவிப் பெருக்கினோம். வீட்டுச்சுவரிலிருந்து வெளிநோக்கி 6 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் விட்டோம். வாட்டம் இல்லாத தரையில் நீர் தேங்கும், பாசி பிடிக்கும், முதியோர் வழுக்கி விழுவர். தேங்கிய நல்ல நீரில் கொசு முட்டையிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் புதுக் கொசு பறக்கும்.

துவைகல்லின் நீர் முன்பு கொல்லையெங்கும் பரவியது. அதற்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டி வாழைக்கும் சேம்புக்கும் திருப்பினோம்.

இருக்கையும் படியும்

என் அப்பாயிக்கு முழங்கால் வலி உண்டு. தரையில் அமர்ந்தால் எழ ஒருவர் கை வேண்டும். ஆகவே சுவரையொட்டிச் செங்கல்லால் ஒன்றரை அடி உயரத் திண்ணை கட்டினோம். அகலம் 2½ அடி. அமரவும் சற்றுச் சாய்ந்து கால் நீட்டவும் போதும். அடுக்களை வாசலிலிருந்து மேடைக்கு 6 அங்குல இறக்கம். மேடையிலிருந்து மண்ணுக்கு ஓரடியாகையால் நடுவில் ஒரு படி. படிகளெல்லாம் ஒரே உயரமாயிருப்பது இன்றியமையாதது. ஒரு படி மட்டும் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் கால் ஏமாறும்.

பந்தலும் மரமும்

பந்தலுக்குச் சவுக்குக் கால்கள் நட்டு மூங்கில் பரப்பினோம். பங்குனியில் கீற்று வேய்வோம். ஆடியில் அவரை விதைத்தால் ஐப்பசிக்குள் கொடி படரும். குளிர்காலத்தில் காயும் கிடைக்கும். மரம் வைக்க விரும்புவோர் இடம் அறிந்து வைக்கவேண்டும். தென்னையடியில் இருக்கை போடலாகாது. மட்டையும் காயும் விழும். முருங்கையின் கிளை எளிதில் முறியும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி மொய்க்கும். ஆலும் அரசும் சுவரைப் பிளக்கும். வேம்பும் புங்கும் நல்ல நிழல் தருவன. சுவரைவிட்டுத் தள்ளி வைத்தல் நலம். நாங்கள் கிழக்கு வேலியோரம் புங்கு ஒன்று வைத்திருக்கிறோம். அது வளரும்வரை பந்தலே துணை.

பயன்

இரண்டு கோடைகளும் இரண்டு மழைக்காலங்களும் கடந்துவிட்டன. சில கற்கள் அமிழ்ந்தன. பெயர்த்து மணலிட்டு மீண்டும் வைத்தோம். சாந்து பூசாததால் அரைமணி நேரத்தில் அவ்வேலை முடிந்தது. தந்தையார் மாலைச் செய்தித்தாளை அங்கேதான் படிக்கிறார். சேறு பற்றிய பேச்சை இப்பொழுது எடுப்பதில்லை. அப்பாயி காலையில் தெற்கு ஓரத்திலும் மாலையில் சுவரோரத்திலுமாக நிழலைத் தொடர்ந்து இடம் மாறுகிறார். அவர் அமருமிடத்தைக் கொண்டே மணி சொல்லிவிடலாம். அடுத்த வீட்டுப் பெண்கள் வேலியருகே நின்று பேசியது போய், வந்து அமர்ந்து பேசுகின்றனர். முன்திண்ணைக்கு இருந்த கட்டுப்பாடு எதுவும் இதற்கு இல்லை. இராமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் பொறுப்பே.

அன்னையார் மாலை நான்கரை மணிக்கு வந்து அரைமணி நேரம் அமர்கிறார். ஆனால் மடியில் முருங்கைக்கீரையோ வெங்காயமோ இருக்கும். கையில் வேலை எதுவுமின்றி அவர் அமர்ந்திருந்ததை நான் இன்னும் கண்டதில்லை. செங்கல்லும் மணலும் இடத்தைத்தான் தரும், ஓய்வைத் தரமாட்டா. வீட்டிலுள்ள மற்றவர்கள் வேலையைப் பகிர்ந்துகொண்டாலன்றி, எவ்வளவு நல்ல திண்ணையும் அடுக்களையின் நீட்சியாகவே நின்றுவிடும். இந்த உண்மை வாட்டக் கணக்கினும் நிழற் கணக்கினும் பெரிது. இப்பொழுது ஞாயிற்றுக்கிழமைகளில் கீரை ஆய்வது என் வேலை.

முடிவுரை

மாணவத் தோழர்களே! இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை; பெரிய இடமும் வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் கொல்லையில், கொல்லை இல்லையேல் மாடியில், மூன்றடிக் கோல் ஒன்றை நட்டு ஒருநாள் முழுவதும் அதன் நிழலைக் குறித்துப் பாருங்கள். காற்று எப்பக்கம் வருகிறது, மழைநீர் எவ்வழி ஓடுகிறது என்று பாருங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பாக, வீட்டில் இதுவரை அமர இடமில்லாதவர் யார் என்று கேளுங்கள். அவர் அமரவேண்டிய நேரத்தில் நிழல் விழும் இடம் எதுவோ, அங்கே முதற்கல்லை வையுங்கள்.