பிக்கப் வண்டியின் பால் ஜாயிண்டுகள் அகாலத்தில் தேய்வதேன்?

காய்கறி, பால், உரம், விதை, தீவனம் முதலியவற்றை ஏற்றிச் செல்லும் பொருட்டுக் குடியானவர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பிக்கப் வண்டிகளை வைத்திருக்கிறார்கள். இவற்றுள் பெரும்பாலானவை கடன் பெற்று வாங்கப்பட்டவை. வண்டி பட்டறையில் நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை. ஆகையால், அடிக்கடி நேரும் பழுதுகளின் காரணத்தை வண்டியுடையார் அறிந்திருத்தல் அவசியம். அத்தகைய பழுதுகளுள் ஒன்று, முன்சக்கரங்களைத் தாங்கும் பால் ஜாயிண்டுகள் வெகு சீக்கிரத்தில் தேய்ந்து போவதாகும்.

புதிதாய் மாற்றிய ஜாயிண்டு சில மாதங்களுக்குள் மறுபடியும் ஆட்டம் கொடுப்பதுண்டு. அப்பொழுது சாமான் மட்டமென்று கடைக்காரரையோ, வேலை சரியில்லையென்று மெக்கானிக்கையோ குறை கூறிவிட்டு, மூன்றாம் முறையும் புதியது வாங்கிப் பூட்டுகிறார்கள். தேய்வின் காரணம் வண்டியிலேயே இருக்க, ஜாயிண்டை மாத்திரம் மாற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும்.

1. அமைப்பு

எல்லா வண்டிகளிலும் பால் ஜாயிண்டு இராது. இரு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு ஆக்ஸில் இணைத்து, அதனுடன் பட்டை ஸ்பிரிங் பூட்டிய வண்டிகளில் பொதுவாக கிங் பின் என்னும் தடித்த முளையே சக்கரத்தைத் திருப்ப உதவுகிறது. ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும்படி அமைந்த வண்டிகளில்தான் பெரும்பாலும் பால் ஜாயிண்டுகள் உண்டு. டொயோட்டா ஹைலக்ஸ், இஸுஸு டி-மாக்ஸ் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. முதலில் தம் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதைக் கீழே குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வகை வண்டியில் ஒவ்வொரு முன்சக்கரத்திற்கும் மேற்கை, கீழ்க்கை என இரண்டு இரும்புக் கைகள் உண்டு. அவற்றின் நுனிகளில், நமது தோள் மூட்டைப் போல, ஒரு குழியில் உருண்டையான எஃகுப் பந்து பொருந்தியிருக்கும். பந்திலிருந்து நீளும் கூம்பு வடிவமான தண்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் நுழைந்து நட்டினால் இறுக்கப்பட்டிருக்கும். சக்கரம் மேலும் கீழும் அசையவும், இடமும் வலமும் திரும்பவும் இப்பந்தே இடங்கொடுக்கிறது. குழிக்குள் கிரீஸ் இருக்கிறது. கிரீஸ் வெளியே போகாமலும் மண்ணும் நீரும் உள்ளே வராமலும் ஒரு ரப்பர் உறை மூடிக் காக்கிறது.

சுருள் ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ கீழ்க்கையைத் தாங்கும் வண்டிகளில், முன்பாரம் முழுவதும் கீழ் ஜாயிண்டின் வழியாகவே சக்கரத்திற்குச் செல்கிறது. ஆகவே கீழ் ஜாயிண்டே விரைவில் தேயும். சில வண்டிகளில் பாரம் பந்தைக் குழிக்குள் அழுத்துகிறது. வேறு சிலவற்றில் பந்தைக் குழியிலிருந்து வெளியே இழுக்கிறது. பின்கூறிய வகையில் தேய்வு மிகுந்தால் பந்து குழியைவிட்டுக் கழன்று, சக்கரம் ஓடும்போதே மடங்கி விழும். இது பணநஷ்டத்தோடு நிற்கும் விஷயமன்று. ஓட்டுவோர் உயிரையும் எதிரே வருவோர் உயிரையும் பொறுத்தது.

2. சீக்கிரம் தேய்வதன் காரணங்கள்

(அ) உறை கிழிதல். காரணங்களுள் முதன்மையானது இதுவே. வயல் வரப்போரத்துச் சேறும் மணலும் கிழிந்த உறையின் வழியே உட்புகுந்து கிரீஸுடன் கலந்தால், அக்கலவை சாணைக்கல் பொடியைப் போல் எஃகை அராவுகிறது. நீர் புகுந்தால் பந்து துருப்பிடித்து, அதன் வழவழப்பு கெடுகிறது. கிரீஸ் நிப்பிள் உள்ள ஜாயிண்டில் அளவு மீறிக் கிரீஸ் ஏற்றுவதாலும் உறை வெடிப்பதுண்டு. நிப்பிள் இல்லாத மூடிய ஜாயிண்டில் உறை கிழிந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்ததென்றே கொள்ளலாம்.

(ஆ) ஷாக் அப்ஸார்பர் கெடுதல். ஷாக் அப்ஸார்பர் செத்துப்போன வண்டியில் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் துள்ளி விழுகிறது. அந்த அடி முழுவதும் பந்தின்மீது இறங்குகிறது. ஷாக் அப்ஸார்பரை மாற்றாமல் ஜாயிண்டை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதன் வழியே போகும்.

(இ) பாரம் ஏற்றும் முறை. பின்தட்டில் ஏற்றும் மூட்டையெல்லாம் முன்சக்கரத்தை அழுத்துவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது முற்றும் சரியன்று. பின் ஆக்ஸிலுக்கு நேர்மேலே வைத்த பாரம் பின் ஸ்பிரிங்கையே சேரும்; அதற்கும் பின்னால் நீட்டி வைத்தால் வண்டியின் முன்பாகம் தூக்கிக்கொள்ளும். காபினை ஒட்டி முன்னே குவிக்கும் பாரமும், காபின் மேல் ஏற்றும் பாரமும், முன்னால் பூட்டிய கனத்த இரும்புக் கம்பி வேலியுமே முன்சக்கரத்திற்குப் பங்கு கொடுப்பவை. அன்றியும், அதிக பாரத்துடன் வேகமாய் வந்து பிரேக் அடிக்கும்போது கனம் முன்னோக்கிச் சாய்கிறது. பள்ளத்திற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பள்ளத்தில் இறங்கும் தருணத்தில் பிரேக்கை விட்டுவிடுதல் நலம்.

(ஈ) உயரத்தையும் சக்கரத்தையும் மாற்றுதல். பாரம் ஏற்றினால் வண்டி தாழ்கிறதென்று டார்ஷன் பாரை மிகையாய் முறுக்கி உயர்த்துகிறவர்கள் உண்டு. அப்பொழுது கைகள் கீழ்நோக்கிச் சரிந்து, பந்து தன் நடுநிலையை விட்டு ஓர் ஓரத்திலேயே வேலை செய்கிறது. வெளியே துருத்தி நிற்கும் அகன்ற சக்கரங்களும், நெம்புகோல் நீண்டாற்போல, பந்தின்மீது விழும் பலத்தைக் கூட்டுகின்றன.

(உ) செய்பொருளின் குற்றம். பெயர்பெற்ற உற்பத்தியாளரிடமும் இது நேர்ந்ததுண்டு. 2005-ஆம் வருஷத்தில் டொயோட்டா கம்பெனி அமெரிக்காவில் 2001 முதல் 2004 வரையிலான டகோமா பிக்கப் உட்பட 7 லக்ஷத்திற்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கீழ் ஜாயிண்டுகளைச் சோதித்தது. உற்பத்தியின்போது பந்தின் மேற்பரப்பில் நேர்ந்த கீறலே அகாலத் தேய்வுக்குக் காரணமெனக் கூறப்பட்டது. கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் ஒரு கீறல் அத்தனை வண்டிகளை நிறுத்திற்று என்றால், விலை குறைந்த போலிச் சாமானை வாங்குவோர் எத்துணை எச்சரிக்கையாய் இருக்க வேண்டுமென்பதை ஊகித்தறியலாம்.

3. அறிகுறிகளும் பரீக்ஷையும்

பள்ளத்தில் இறங்கும்போது முன்புறம் 'டக்' என்ற ஓசை, நேர்ச்சாலையில் வண்டி அலைதல், ஒரு பக்கம் இழுத்தல், டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்தல், ஸ்டியரிங் திருப்பும்போது கிறீச்சிடுதல் ஆகியவை அறிகுறிகள். எனினும் இவை வேறு பழுதுகளாலும் உண்டாகும். ஆதலால் பரீக்ஷித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கீழ்க்கையில் ஸ்பிரிங் உள்ள வண்டியில் ஜாக்கியைச் சட்டத்தின் கீழ் வைத்தால், ஸ்பிரிங்கின் பலம் பந்தை இறுகப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை மறைத்துவிடும். கீழ்க்கையின் அடியில், சக்கரத்தை ஒட்டி ஜாக்கியை வைத்து, டயர் தரையை விட்டுச் சிறிது எழும்படி தூக்க வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சட்டத்தின் கீழும் உறுதியான தாங்கி வைக்காமல் ஒருவரும் வண்டியின் அடியில் கை நீட்டலாகாது. பிறகு டயரின் கீழ் ஒரு கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்ப, மற்றொருவர் ஜாயிண்டை உற்று நோக்க வேண்டும். எவ்வளவு ஆட்டம் அனுமதிக்கத்தக்கது என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். உற்பத்தியாளர் குறித்த அளவே பிரமாணம்.

டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைவு தோன்றினால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். மிதித்தவுடன் அசைவு நின்றால் குற்றம் சக்கர பேரிங்கில்; நில்லாவிடில் ஜாயிண்டைச் சந்தேகிக்கலாம். இவ்வொரு பரீக்ஷையைச் செய்யாததால் நல்ல ஜாயிண்டைக் கழற்றி எறிந்தவர்கள் பலர்.

4. மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

நக்கிளின் கூம்புத் துளையைத் துடைத்து உலர்த்தி, அது நீள்வட்டமாய்ப் பெருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெருகிய துளையில் புதுத் தண்டு உறுதியாய் அமராது. நாளடைவில் தளர்ந்து முறியும். அழுத்திப் பொருத்தும் வகை ஜாயிண்டைச் சம்மட்டியால் அடிக்காமல் அதற்குரிய பிரஸ் கருவியால் ஏற்ற வேண்டும். நட்டை உற்பத்தியாளர் கூறிய அளவுக்கு டார்க் ரெஞ்சினால் இறுக்குக. ஸ்பிலிட் பின் நுழையும் துளை நேர்படாவிடில் நட்டைப் பின்னுக்குத் தளர்த்தாமல், சிறிது முன்னுக்கே முறுக்கி நேர்செய்ய வேண்டும். கடைசியாக அலைன்மெண்ட் பார்க்காமல் வண்டியைச் சாலைக்கு அனுப்பலாகாது.

5. வண்டிக் குறிப்பு

வரவு செலவு எழுதும் சங்கங்கள் வண்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தல் வேண்டும். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டர் ஓட்டத்தில், எந்தப் பக்கத்து ஜாயிண்டு மாற்றப்பட்டது, எந்த மார்க்குச் சாமான், கழற்றும்போது உறை எப்படியிருந்தது என ஐந்து விவரங்கள் போதும். உதாரணமாக, இடப்பக்கம் மட்டுமே இருமுறை தேய்ந்திருந்தால் சாலையோரப் பள்ளத்தையும், அப்பக்கத்துக் கை வளைந்திருத்தலையும், அப்பக்கத்து ஷாக் அப்ஸார்பரையும் சோதிக்கலாம். இரு பக்கமும் ஒருங்கே தேய்ந்தால் பாரமோ, உயரமோ, சாமானின் தரமோ காரணமாயிருக்கலாம். பட்டறைக்குச் செல்லும்போது இந்நோட்டையும் கொண்டு சென்றால் மெக்கானிக் ஊகத்தில் வேலை செய்ய நேராது.

வினாக்கள்

1. உங்கள் வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்குவது கிங் பின்னா, பால் ஜாயிண்டா?
2. ஸ்பிரிங் கீழ்க்கையில் உள்ளதாயின் ஜாக்கியை எங்கே வைத்துச் சோதிப்பீர்கள்? ஏன்?
3. காபினை ஒட்டி வைத்த பாரத்திற்கும் பின் ஆக்ஸிலின் மேல் வைத்த பாரத்திற்கும் வேறுபாடு யாது?
4. பிரேக்கை மிதித்தும் சக்கரத்தின் ஆட்டம் நில்லாவிடில் எதைச் சோதிக்க வேண்டும்?