நொதிக்குத் துணை

நொதிகள் யாவும் தனித்தே தொழில் புரியும் என்பதில்லை. ஈஸ்டைப் பிழிந்த சாறு சர்க்கரையைச் சாராயமாக்கும். 1906-ஆம் ஆண்டில் இலண்டனில் ஹார்டன், யங் என்னும் அறிஞர் இருவர் அச்சாற்றை நுண்ணிய வடிகட்டியிலிட்டு இரு கூறாக்கினர். மேல் தங்கியதும் நொதிப்பை எழுப்பவில்லை. கீழிறங்கிய நீரும் எழுப்பவில்லை. இரண்டையும் கலந்தவுடன் நொதிப்பு மீண்டும் எழுந்தது! அந்நீரைக் கொதிக்க வைத்த பின்னும் அதன் ஆற்றல் கெடவில்லை. மேல் தங்கியது வெப்பத்தில் அழியும் புரதமாகிய நொதி. நீரில் இறங்கியவை துணைநொதிகளும் மெக்னீசியம் போன்ற உலோக அயனிகளுமே எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

அத்துணைநொதிகளுள் ஒன்று ஒரு பொருளினின்று ஹைட்ரஜனை வாங்கி மற்றொன்றிற்கு ஈந்து, வெறுங்கையாய் மீளும். ஆதலின் சிறிதளவே போதும். மெய்யை உயிர் இயக்குவதுபோல் என்றுரைக்க இலக்கணம் பயிலும் எமக்கு ஆசைதான். ஆயின் உயிர் தனித்தும் ஒலிக்கும், துணைநொதி தனித்து நொதிப்பை எழுப்பாது.

நம் உடலிலும் இவ்வுறவு உண்டு. தயமின் என்னும் வைட்டமின் துணைநொதியாக மாறியே, உண்ட மாவுப்பொருளினின்று ஆற்றல் பிறக்க உதவுகின்றது. தவிடு போகத் தீட்டிய அரிசியையே உண்டு வாழ்வோர்க்கு அது குறையும். நொதி இருந்தும் தொழில் நடவாது. கால் மரத்து, இதயம் தளரும் பெரிபெரி நோய் தோன்றும். நெல்லைப் புழுக்குங்கால் தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் ஊறிவிடுதலின், தீட்டிய பின்னும் எஞ்சி நிற்கும். விருந்துக்குப் பச்சரிசியே தக்கது என்னும் எம் வீட்டாரோடு யாம் இதுபற்றி இன்னும் வழக்காடி வருகின்றோம்.