சாயம் எப்போது உண்மை சொல்லும்?

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் போன்ற ஊர்களில், கருவாட்டுக்கான மீனை வந்தவுடனே உப்பிட வேண்டும் என்பதை நாம் அறிவோம். தாமதித்தால், பிறகு எவ்வளவு உப்பிட்டாலும் பயனில்லை. நோயாளியின் உடலிலிருந்து சோதனைக்காக எடுக்கும் தசைத்துண்டும் அப்படியே.

வெட்டியெடுத்த நொடியிலிருந்தே திசு சிதையத் தொடங்குகிறது. நெல்லை வெயிலில் சிதைவு இன்னும் விரைவு. மார்பகக் கட்டியின் துண்டாயின், 1 மணி நேரத்திற்குள் அதை ஃபார்மலினில் இட வேண்டும். திசுவைப் போல் 10 மடங்கு ஃபார்மலின் வேண்டும். அது புரதங்களைப் பிணைத்து நிலைநிறுத்துகிறது. அதில் 6 மணி நேரத்திற்குக் குறையாமலும், 72 மணி நேரத்திற்கு மேற்படாமலும் வைப்பது இன்றைய விதி. குறைந்தால் திசு சரியாக நிலைப்படாது. மிகுந்தால் பிணைப்பு இறுகி, தேடும் புரதம் மறைந்துபோகலாம்.

பின்னர் திசுவை மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக்கிக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயமேற்றுவர். ஒரு சாயம் செல்லின் வடிவைக் காட்டும். மற்றொரு முறை குறிப்பிட்ட புரதத்தைத் தேடி, அது இருக்குமிடத்தைப் பழுப்பாக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதம் தென்பட்டால், ஹார்மோன் மருந்து பயன்தரும் என மருத்துவர் முடிவு செய்கிறார்.

ஆனால் சாயமேற்றாத சீவலைப் பல நாள் வைத்திருந்தால் புரதம் தன் அடையாளத்தை இழக்கிறது. பி53 என்னும் புரதம் இவ்வாறு மறைவதை 1995-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். எனவே 6 வாரங்களுக்கு மேற்பட்ட மார்பகச் சீவல்களைப் பயன்படுத்தலாகாது என்பர். மெழுகினுள் இருக்கும் திசுவோ காற்றுப் படாததால் ஆண்டுக்கணக்கில் நிலைக்கிறது.

ஆகவே, 'பழுப்பு இல்லை' என்பதற்கு இரு பொருள் உண்டு: புரதம் இல்லை, அல்லது இருந்து அழிந்தது. இதனைப் பிரித்தறிய வழி உண்டு. அதே சீவலிலுள்ள நலமான பால்நாளச் செல்கள் சிலவேனும் பழுப்பாக வேண்டும். அவையும் நிறம் பெறாவிட்டால் அம்முடிவை நம்பலாகாது. நம்பினால், ஒரு தாய்க்குப் பயன்தரும் மருந்து கிட்டாமலே போகலாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தோற்றுவித்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற வெளியூர் நிலையங்களுக்கு நம் குடும்பத்தார் செல்ல நேரிட்டால், ஸ்லைடுகளோடு 'பிளாக்' எனப்படும் மெழுகுத் துண்டையும் கேட்டு வாங்குவோம். வெயில்படும் காரில் வைக்காமல் பத்திரமாகக் கொண்டு செல்வோம். துண்டைப் புட்டியில் தந்தால், அதில் ஊற்றியிருப்பது ஃபார்மலின்தானா, எந்த நேரம் இட்டனர் எனக் கேட்டு எழுதி வைப்போம்.