மன்னிப்பு போதாது

கேள்வி: எண்ணெய் மாசை எதிர்த்துப் போராடிய கென் சரோ-விவா உள்ளிட்ட, தூக்கிலிடப்பட்ட ஒன்பது ஒகோனி இனத்தவருக்கு நைஜீரிய அரசு 2025-இல் மன்னிப்பும் தேசிய விருதும் அறிவித்துவிட்டதே, இன்னும் என்ன நீதி பாக்கி?

பதில்: தீர்ப்பு அப்படியே நிற்கிறதே, அதுதான் பாக்கி. மன்னிப்பு என்பது குற்றம் செய்தவருக்குத் தரப்படுவது. இவர்கள் கொலைக் குற்றம் செய்தார்கள் என்று சொன்னது நைஜீரியாவை அன்று ஆண்ட அபாச்சாவின் ராணுவ ஆட்சி அமைத்த சிறப்புத் தீர்ப்பாயம். அதில் ராணுவ அதிகாரி ஒருவரும் நீதிபதியாக உட்கார்ந்திருந்தார். மேல்முறையீட்டுக்கு வழியே இல்லை. தண்டனையை உறுதி செய்ததும் ராணுவக் குழுதான். பணமும் வேலையும் தருவதாகச் சொல்லித் தங்களைப் பொய்சாட்சி சொல்ல வைத்ததாக அரசுத் தரப்புச் சாட்சிகள் இருவர் பிரமாணப் பத்திரமே கொடுத்தார்கள். தீர்ப்பு வந்து பத்தே நாளில், 1995 நவம்பர் 10 அன்று, போர்ட் ஹார்கோர்ட் சிறையில் ஒன்பது பேரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

முப்பது ஆண்டுக்குப் பிறகு வழக்கை எப்படித் திரும்ப நடத்துவது என்று கேட்கலாம். நடத்தவே வேண்டாம். விசாரணை நடந்த விதமே தீர்ப்பை ரத்து செய்யப் போதுமான காரணம். 1994 மே மாதம் கியோகூவில் நான்கு ஒகோனித் தலைவர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள்; அந்தப் பழிதான் இவர்கள் மீது விழுந்தது. தீர்ப்பை ரத்து செய்தால் அந்தத் தலைவர்களின் குடும்பங்களுக்கு அநீதியாகாதா? நியாயமான கேள்விதான். ஆனால் உண்மையான கொலையாளிகள் யார் என்பதை அந்தக் குடும்பங்களுக்கும் சொல்லாமல் போனது இந்த விசாரணைதான். எண்ணெய் நிறுவனமான ஷெல், இந்தத் தூக்குத் தண்டனைகளுக்கு உடந்தை என்று தன் மேல் அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை 2009-இல், பொறுப்பை ஏற்காமலேயே, 1.55 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அந்தப் பணத்தாலும் தீர்ப்பில் ஒரு வரிகூட மாறவில்லை. சரோ-விவா எதை எதிர்த்துக் குரல் கொடுத்தாரோ அந்த எண்ணெய் மாசு உண்மை என்பதை ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2011 அறிக்கையே காட்டியது: ஒகோனி நிலத்தின் ஒகாலே பகுதிக் கிணற்று நீரில் பென்சீன், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைப்போல் 900 மடங்குக்கும் மேல்.