பாகு பதமும் பரோட்டா மாவும்



தாம்பரத்தில் ஏறிய மின்சார ரயிலில், ஜன்னல் வழியே சாய்ந்த காலை வெயிலில் மிதந்த தூசிகளைக் காட்டி, "தூசியும் தண்ணீர்போல ஓடுமா பெரியப்பா?" என்று கேட்டாயே, அது குரோம்பேட்டை வருவதற்குள் பதில் சொல்லி முடியாத கேள்வி, ஆகவே இக்கடிதம்.

தூசி தண்ணீர்போல ஓடுவதைப் பரிசோதனையில் காணலாம். கண்ணாடிக் குழாயில் நியானையோ ஆர்கானையோ மிகக் குறைந்த அழுத்தத்தில் அடைத்து மின்சாரம் பாய்ச்சினால், அது சுடர்விடும் பிளாஸ்மாவாகிறது. அதில் தலைமயிரினும் பன்மடங்கு சிறிய பிளாஸ்டிக் உருண்டைகளைத் தூவினால், அயனிகளை முந்திக்கொண்டு வரும் எலக்ட்ரான்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொள்ள, உருண்டைகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளி, சில சமயம் படிகம்போல் அணிவகுத்தும், சில சமயம் திரவம்போல் பிரவாகமாகவும் இருக்கின்றன. இதுவே தூசிப் பிளாஸ்மா.

அதிரசத்துக்கு உன் பெரியம்மா இரு விரல்களுக்கிடையே வெல்லப்பாகை இழுத்துப் பதம் பார்க்கிறாளே, அவள் விரல் அறிவதுதான் பாடநூலின் பாகுநிலை. பாகின் மூலக்கூறுகள் நம் கண்ணுக்கு அகப்படா. தூசிப் பிளாஸ்மாவிலோ ஒவ்வொரு துகளையும் கேமரா தனித்தனியே பார்க்கிறது. லேசர் கற்றையால் நடுவிலுள்ளவற்றைத் தள்ளிவிட்டு, அண்டை வரிசைகள் எவ்வளவு இழுபடுகின்றன என்று அளந்தால், பாகுநிலை கணக்கில் வந்துவிடும்.

பூமியில் இதற்கு இடையூறு எடை. அடியிலுள்ள மின்புலம் தாங்கும் உயரத்தில் துகள்கள் சில அடுக்குகளாக நசுங்கிக் கிடக்கும். அதனால்தான் 2014இல் ஐரோப்பியரும் ருஷ்யரும் 'பிகே-4' என்னும் கருவியைச் சர்வதேச விண்வெளி நிலையத்தின் கொலம்பஸ் கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஈர்ப்பே இல்லை என்று பரீட்சையில் எழுதிவைக்காதே! நிலையமும் துகளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நம் தேசத்தார் இதில் செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். காந்திநகருக்கு அருகிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தில் பிரெதிமன் காவும் அபிஜித் சென்னும், இந்தத் தூசித் திரவம் பாகாய் ஓடுவதோடு வில்லாய் மீளவும் செய்யும், ஆகையால் திடப்பொருளில் செல்லும் குறுக்கலை இதற்குள்ளும் செல்லும் என்று 1998இல் கணித்தார்கள். 2002இல் அதே நிலையத்துப் பரிசோதனையில் அந்த அலை காணப்பட்டது.

ஓடுவதும் மீளுவதும் ஒரே வஸ்துவில் எப்படி என்பாய். ரயிலடிப் பரோட்டாக் கடையில் சற்று நின்று பார்: மாஸ்டர் வெடுக்கென்று இழுத்துவிட்ட மாவு சுருங்கிக்கொள்கிறது, உருட்டி வைத்த உருண்டையோ, அவர் டீ குடித்து முடிப்பதற்குள் மெல்லப் பரந்து தட்டையாகிவிடுகிறது.